இருபத்தேழாம் இலக்கத்தின் காய்ச்சல்

ஒரு பன்றிக்கு வந்த காய்ச்சலை நான் மூன்று நாள் ஒளித்து வைத்தேன். ஐம்பத்தைந்து வயதில், மூக்குக்கண்ணாடி போட்டு, வீடு நிறையப் புத்தகம் அடுக்கி வைத்திருக்கும் ஒருவன் செய்யக்கூடிய காரியமா என்று கேட்டால், புத்தகங்களால்தான் செய்தேன் என்று சொல்லவேண்டியிருக்கிறது. ஒன்றும் படிக்காதவன் முதல் நாளே போய்ச் சொல்லியிருப்பான்.

பண்ணைக்கு நான் போனதே வைத்தியத்தின் பேரில். இரத்தத்தில் சீனி ஏறியபோது, வட லண்டன் எட்மண்டனில் எங்கள் டொக்டர் குளிசை எழுதினார். கூடவே, வாரத்தில் மூன்று நாள் வெளிக்காற்றில் உடம்பை அசைத்து வேலை செய்யும்படி ஒரு பண்ணைக்கும் எழுதிக் கொடுத்தார். இந்த நாட்டில் இப்போது அப்படியும் மருந்து எழுதுகிறார்கள். இரண்டு பஸ் மாறி, லண்டன் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் இறங்கி, இருபது நிமிடம் நடக்கவேண்டும். ஓர்கானிக் பண்ணை என்றதும் கரட், கோவா என்று மரக்கறிகளை நினைத்துக்கொண்டு போனேன். பன்றிகளைக் காட்டினார்கள்.

"வேற ஒண்டும் கிடைக்கேல்லையோ உங்களுக்கு?" என்றாள் மனைவி. "பின்கதவாலை வாங்கோ. உடுப்பை வெளியிலயே கழட்டுங்கோ. சாமியறைப் பக்கம் தலை வைக்கப்படாது."

நகரசபைக் கவுன்சிலில் எனக்குத் திங்கள் முதல் வியாழன் வரை வேலை. வெள்ளி, சனி, ஞாயிறு பன்றி. பண்ணையை நடத்தியவர் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. அதிகம் பேசமாட்டார். முதல் நாள் அவர் எனக்குச் சொல்லித் தந்தது ஒன்றுதான்: "தீனி போட்டதும் போய்விடாதே. நின்று பார். எது வரவில்லை என்று பார்."

நின்று பார்த்தேன். பன்றி அழுக்கான மிருகம் என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். இடம் கொடுத்தால் அது படுக்கும் மூலையில் கழிப்பதில்லை. வைக்கோல் கொடுத்தால் வாயால் கவ்வி இழுத்து, உதறி, மெத்தை போடுகிறது. நாள் முழுக்க மூக்கால் மண்ணைக் கிண்டுகிறது. கிண்ட மண் இல்லாமல் அடைத்து வைத்தால் பக்கத்துப் பன்றியின் வாலைக் கடிக்கிறது. வேலையில்லாத கவுன்சில் அலுவலகத்திலும் ஏறக்குறைய அதுதான் நடக்கும்.

கொட்டகையில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கியது. பன்றிகளுக்குப் பெயர் கிடையாது, காதில் இலக்கம் மட்டும். ஒவ்வோர் இலக்கத்துக்கும் எதிரே இருமல், நொண்டல், வயிற்றோட்டம், கொடுத்த மருந்து, தேதி எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். வந்து போகிற எவரும் படிக்கலாம். எனக்கு அது கூச்சமாக இருந்தது. எங்கள் ஆட்கள் வருத்தத்தைச் சுவரில் எழுதுவதில்லை. பக்கத்து வீட்டில் ஒருவருக்கு பைபாஸ் நடந்தது அவர் திரும்பி வந்து மூன்று மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரியும்; அதுவரை, வீட்டார் சொன்னபடி, அவர் கனடாவில் இருந்தார். வீட்டில் கலியாண வயதில் குமர்ப் பிள்ளை இருந்தால் அவளுடைய ஆஸ்துமாவுக்கு மருந்து வாங்க அடுத்த ஊர்க் கடைக்குப் போவார்கள்.

எனக்கும் அப்படி ஒன்று இருந்தது. காலையில் மனைவி குளிசையை உள்ளங்கையில் வைப்பாள். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போடுறன்" என்பேன். அது சட்டைப் பைக்குள் போகும், பஸ் தரிப்பிடத்துக் குப்பைத்தொட்டியில் முடியும். பஸ்ஸைப் பிடிக்க ஓடும் நாட்களில் பையிலேயே கிடக்கும். பதிலுக்குப் பாகற்காய்ச் சாறு குடித்தேன். இயற்கையானது, தூய்மையானது என்று நாலு புத்தகம் சொல்லியிருந்தது. ஓர்கானிக் என்ற சொல்லையும் அந்தக் கணக்கில்தான் விளங்கி வைத்திருந்தேன்: மருந்து தீண்டாத உடம்பு.

இருபத்தேழாம் இலக்கம் கறுப்பு உடம்பில் தோளைச் சுற்றி வெள்ளைப் பட்டி போட்ட தாய்ப்பன்றி. குட்டி போட இரண்டு வாரம் இருந்தது. வேலிக்கருகே என்னைக் கண்டால் வந்து முதுகைக் காட்டும், நான் சொறிந்துவிடவேண்டும். அந்த வெள்ளிக்கிழமை வரவில்லை. தன் தகரக் குடிலில் வைக்கோலுக்குள் படுத்துக் கிடந்தது. தீனியை முகர்ந்துவிட்டு விட்டது. முதுகைத் தடவினேன், சுட்டது. தோலில் அங்கங்கே தடிப்புகள். கறுப்பு மயிருக்குள் கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது.

பூச்சி கடித்திருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். பிறகு பலகையைப் போய்ப் பார்த்தேன். இருபத்தேழுக்கு எதிரே அந்த வருடம் ஏற்கெனவே ஊசி போட்ட சில வரிகள் இருந்தன: குளிர்காலத்தில் பாதம், பிறகு மடி வீக்கம், பிறகு மறுபடி பாதம். பண்ணையின் விதிமுறைப் புத்தகத்தை நான் முதல் வாரமே வாசித்திருந்தேன், அதுதான் வினை. ஒரு வருடத்தில் குறிப்பிட்ட தடவைக்கு மேல் இப்படி மருந்து கொடுத்தால் அந்தப் பன்றியின் ஓர்கானிக் தகுதி போய்விடும். இன்னொரு ஊசி போட்டால் இருபத்தேழுக்கு அதுதான் கதி. தகுதி போன பன்றியை விற்றுவிடுவார்கள் என்று நானாக முடிவு கட்டினேன். புத்தகத்தில் அப்படி இல்லை.

ஆகவே எங்கள் ஆட்கள் செய்வதைச் செய்தேன். அதன் தீனியைப் பக்கத்துப் பன்றிகளுக்குத் தள்ளிவிட்டு, தொட்டி காலி என்று காட்டினேன். தண்ணீரைக் குடில் வாசலுக்குக் கொண்டுபோய் வைத்தேன். சனிக்கிழமை வீட்டிலிருந்து மஞ்சள் கொண்டுபோய்க் குழைத்து முதுகில் பூசினேன். "இருபத்தேழு எப்படி?" என்று பெண்மணி தூரத்திலிருந்து கேட்டார். "வெயிலுக்குப் படுத்திருக்கிறது" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். என்னை நம்பினார்.

ஞாயிறு காலை அதால் எழும்ப முடியவில்லை. முன்னங்காலை ஊன்றி, நடுங்கி, திரும்ப விழுந்தது. அது என்னைப் பார்த்த பார்வையில் குற்றச்சாட்டு ஏதும் இருக்கவில்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் பெண்மணியிடம் ஓடினேன்.

பெண்மணி போன் பண்ண, ஒரு மணி நேரத்தில் மிருக வைத்தியர் வந்தார். மலேசியத் தமிழ்ப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, முதுகில் காய்ந்திருந்த மஞ்சளை நகத்தால் சுரண்டி முகர்ந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"அங்கிள் தமிழா?"

"ஓம், பிள்ளை."

"குழம்பு வைக்கப் போறீங்களா?"

அவர் என் விரலைப் பிடித்துத் தடிப்பின் மேல் வைத்தார். "பாருங்க, நாலு மூலை இருக்குல்ல? சீட்டுக்கட்டுல டயமண்ட் மாதிரி. மண்ணுல இருக்கிற கிருமி இது. தடுப்பூசி போட்டும் சிலதுக்கு வரும். பெனிசிலின் போட்டா நாளைக்கே எந்திரிக்கும். எப்ப இருந்து இப்படி?"

பெண்மணி பக்கத்தில்தான் நின்றார், அவருக்குத் தமிழ் தெரியாது. நான் குரலைத் தாழ்த்தி, "வெள்ளிக்கிழமையிலிருந்து. அவவுக்குச் சொல்லாதேங்கோ, பிள்ளை" என்றேன்.

"வெள்ளியா! வயித்துல குட்டி இருக்கு லா, அங்கிள்." அவர் திரும்பி, முழுவதையும் ஆங்கிலத்தில் பெண்மணியிடம் சொன்னார். ஒரு சொல்லும் விடவில்லை.

ஊசி போட்டார்கள். பிறகு வைத்தியர் என் கையைப் பார்த்தார். "இது மனுஷனுக்கும் வரும். கையில முள்ளுக் கீறல் இருக்கு. சக்கரை வியாதி இருக்கா?"

"இல்லை" என்றேன். தயங்கக்கூட இல்லை.

"சரி, நல்லாக் கழுவுங்க, கையுறை போடுங்க. பேனா இருக்கா?"

சட்டைப் பையைக் குடைந்து எடுத்துக் கொடுத்தேன்.

பெண்மணி திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய்ப் பலகைக்கு எழுதும் மார்க்கரை நீட்டினார். "வெள்ளியிலிருந்து எழுது. நீ பார்த்தது எல்லாம். மஞ்சளும்." எழுதினேன். என் கையெழுத்து அவ்வளவு பெரிதாக ஒரு சுவரில் இருந்ததில்லை.

"அதன் தகுதி போய்விடுமே" என்றேன்.

"போகட்டும். மருந்து தேவைப்படும்போது கொடுக்காமல் காப்பாற்றுகிற தகுதிக்கு இங்கே இடமில்லை. அதுவும் விதிதான், அடுத்த பக்கத்தில் இருக்கிறது." மார்க்கரை வாங்கி மூடினார். "என்னிடம் இருப்பது காகிதம் இல்லை, பன்றி. எனக்குச் சொல்ல அதால் முடியாது. அதற்காகத்தான் நீ."

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். இருபத்தேழு எழுந்து நின்று தின்றுகொண்டிருந்தது. முதுகைக் காட்டியது. சொறிந்தேன். விரலுக்கடியில் அந்த நாலு மூலைகள் இன்னும் இருந்தன, ஆனால் சூடு இல்லை.

இரண்டு வாரத்தில் குட்டி போட்டது. பதினொன்று, அதில் இரண்டு செத்துப் பிறந்தன. என் மூன்று நாளாலா என்று போனில் வைத்தியரிடம் கேட்டேன். "சொல்ல முடியாது, அங்கிள். நல்லா இருக்கிற பன்னிக்கும் ஒண்ணு ரெண்டு போகும்" என்றார். சொல்ல முடியாது என்பதற்கு இல்லை என்று அர்த்தமில்லை. அந்த இரண்டையும் நான்தான் வாளியில் எடுத்துப்போனேன். கனமே இல்லை. பலகையில் அதையும் எழுதினேன்.

அன்று மாலை மனைவியிடம் குளிசைகளைப் பற்றிச் சொன்னேன். அவள் கத்தவில்லை. பாகற்காய்ச் சாற்றைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் ஊற்றினாள். அடுத்த நாள் காலை குளிசையைக் கையில் வைத்துவிட்டு, தொண்டை அசையும்வரை எதிரே நின்று பார்த்தாள். தீனி போட்டதும் போய்விடாதே என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

வைத்தியர் குட்டிகளைப் பார்க்க வந்தபோது அவரிடமும் ஒப்புக்கொள்வது மரியாதை என்று பட்டது. ஒளிப்பதைப் பற்றி, ஒரு சமூகமே வருத்தத்தை ஒளித்து ஒளித்து என்ன ஆனது என்பதைப் பற்றி, இரண்டு பஸ்ஸிலும் வசனம் தயார்செய்து வைத்திருந்தேன்.

"பிள்ளை, அண்டைக்கு உங்களுக்கு ஒரு பொய் சொல்லிப்போட்டன். எனக்குச் சீனி இருக்கு. குளிசையும் போடாமல் ஒளிச்சுக்கொண்டு திரிஞ்சனான்."

அவர் குட்டியொன்றின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துக்கொண்டே, "தெரியும், அங்கிள்" என்றார். "பேனா எடுத்தீங்கல்ல, அப்பவே மூணு மாத்திரை வைக்கோல்ல விழுந்துச்சு. நான்தான் பொறுக்கினேன். பன்னி முழுங்கியிருந்தா அதையும் போர்டுல எழுதணும்."