பின்னால் கூப்பிட்ட குரல்

இது கதை இல்லை. 2006ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29, ஞாயிற்றுக்கிழமை, எனக்கும் என் குடும்பத்தில் நான்கு பேருக்கும் நடந்தது. இப்படி எழுதினால் 'இவன் சும்மா கதை விடுகிறான்' என்று சிரிப்பவர்கள் இருப்பார்கள். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் வாசித்து முடித்த பிறகு தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். இது பேய்தான் என்று நம்புங்கள். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் டனிஸ்ரன். மொன்றியலின் டோர்வல் விமான நிலையத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றும் வேலை. இரண்டு நிமிடம் பிந்தினால் மேலாளர் உயிரை வாங்கிவிடுவான். அதனால் மூச்சு விடுவதைப் போல அடிக்கடி மணிக்கூட்டைப் பார்க்கும் பழக்கம் எனக்கு. கீழே வரும் நேரங்களில் ஒன்றும் பிழை இல்லை.

மகள் றொசானாவுக்கு அப்போது எட்டு வயது. மலைக்காட்டு மரங்களின் காய்கள் ஐந்து வகை பொறுக்கி வரும்படி பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். நான் ஒரு மாதமாக 'இந்தக் கிழமை, அடுத்த கிழமை' என்று கடத்தி, கடைசியில் திங்கட்கிழமை கொடுத்தே ஆக வேண்டும் என்று வந்து நின்றது. ஞாயிறு காலைப் பூசை முடிந்த கையோடு மனைவி ஷெரோன் சோற்றுப் பார்சல் கட்டினாள். அவளுடைய அப்பா நீக்கிலாப்பிள்ளையும் அம்மா மாக்கிரட்டும் 'நாங்களும் வாறம்' என்று எங்கள் வான் வண்டியில் ஏறிக்கொண்டார்கள். எங்கள் வீடு இருக்கும் கார்ட்டியர்வில்லில் இருந்து வடக்கே இரண்டு மணி நேர ஓட்டம். அந்த மலைப் பூங்காவின் பெயரை நான் எழுதப் போவதில்லை.

மாமா மன்னார்க்காரர். இளந்தாரி வயதில் மடு மாதா கோயில் திருவிழாவுக்குக் காட்டு வழியே நடந்து போனவர். எந்தக் காட்டைக் கண்டாலும் அவருக்கு இளக்காரம்தான்.

"மடுக் காட்டுக்கு முன்னாலை இது பூந்தோட்டம், மருமகன்" என்றார்.

12.50க்குப் போய்ச் சேர்ந்தோம். வாகனம் நிறுத்துமிடத்தில் எங்கள் வானைத் தவிர ஒன்றும் இல்லை. இலை நிறம் மாறுவதைப் பார்க்க வரும் கூட்டம் மூன்று கிழமைக்கு முன்பே வந்து போய்விட்டது. பனிக்கால ஆட்கள் இன்னும் வரவில்லை. நடைபாதை ஏழு கிலோமீற்றர், மரங்களில் சிவப்புக் குறி. எங்களைத் தவிர அந்த மலையில் ஒரு மனிதரும் இல்லை என்றே ஐந்து பேரும் நினைத்தோம்.

3.05க்கு உச்சியில் இருக்கும் பாறைக்கு வந்தோம். கீழே சாம்பல் நிறத்தில் ஒரு ஏரி. அதற்கு அப்பால் மலைக்குப் பின்னால் மலை, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. பாறை இடுக்கில் றொசானா எதையோ எடுத்தாள். பாதி தின்ற லெமன் பஃப் பிஸ்கட் பைக்கற். எங்கள் தமிழ்க் கடைகளில் விற்கிற அதே பைக்கற். அதன் மேல் உறைபனி படிந்திருந்தது.

"எங்கடை சனம் இஞ்சையும் வந்து குப்பை போட்டிட்டுது" என்று மாமா சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அங்கேயே இருந்து சோறு சாப்பிட்டோம்.

3.40க்கு இறங்கத் தொடங்கினோம். "அவசரப்படத் தேவையில்லை, இருட்ட ஆறு மணியாகும்" என்று சொன்னவன் நான்தான். கனடாவில் பனிக்காலத்துக்கு முன் எல்லோரும் செய்வதுபோல, அன்று அதிகாலைதான் மணிக்கூடுகளை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பியிருந்தோம். என் கையாலேயே வீட்டில் நான்கு மணிக்கூடுகளைத் திருப்பினேன். இருட்டும் ஒரு மணி நேரம் முந்தி வரும் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

4.20. வெளிச்சம் குறைந்துவிட்டது. பாதை ஒடுக்கம். முன்னால் மாமா, பிறகு மாமி, ஷெரோன், கடைசியில் றொசானாவின் கையைப் பிடித்தபடி நான். காய்ந்த இலைகள் உறைந்து கிடந்தன. ஒவ்வொரு அடிக்கும் சர்க்... சர்க்... என்று சத்தம்.

சப்பாத்துக் கயிறு கட்ட மாமி நின்றார். எல்லோரும் நின்றோம்.

சர்க்.

நாங்கள் நின்ற பிறகு ஒரு அடி.

மான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த மலையில் மான் நிறைய.

4.38.

"அண்ணை..."

பின்னாலிருந்து, பள்ளத்துப் பக்கமாக. ஆண் குரல். தடிமன் பிடித்து, சளியில் அடைத்த குரல். இந்தக் கனடாக் காட்டில்... சுத்தத் தமிழ்.

ஷெரோன் திரும்பினாள். "ஆரோ கூப்பிடுகினம்."

"ஒருத்தரும் வாய் திறக்காதேங்கோ" என்றார் மாமா. அவருடைய முகத்தில் சிரிப்பு இல்லை. "காட்டுக்குள்ளை ஆள் தெரியாமல் கூப்பிட்டால் மூண்டாந்தரம்தான் பதில் சொல்லோணும். பேய் ரெண்டு தரத்தோடை நிண்டிடும். மனிசன் எண்டால் மூண்டாந்தரமும் கூப்பிடுவான்."

இதை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் என் அம்மாவும் இதையேதான் சொல்லி வளர்த்தார். பதினான்கு வருடம் மொன்றியலில் இருக்கிறேன், பிரெஞ்சில் சண்டை பிடிப்பேன், வரி கட்டுகிறேன். ஆனால் அந்த நேரத்தில் என் வாய் தானாக மூடிக்கொண்டது.

4.41.

"அண்ணை... நில்லுங்கோ..."

இம்முறை கிட்டத்தில்.

நின்றோம். காத்திருந்தோம். 4.42... 4.43... காற்றுக்கூட இல்லை. 4.44... 4.45...

ஒன்றும் இல்லை.

மாமா சிலுவை போட்டார். "பாத்தியளோ. ரெண்டோடை நிண்டிட்டுது. நடவுங்கோ. திரும்பிப் பாக்காதேங்கோ."

மாமி சத்தமாகச் செபமாலை தொடங்கினார். "அருள் நிறைந்த மரியே வாழ்க..." நாங்களும் சேர்ந்துகொண்டோம். மலை முழுக்கக் கேட்கும்படி கத்தினோம்.

4.47.

வெளிச்சம்.

ஒரே ஒரு கணம். பின்னாலிருந்து. எங்கள் நிழல்கள் முன்னால் இருந்த மரங்களில் விழுந்து மறைந்தன.

"மின்னல்" என்றார் மாமி. வானத்தில் முகில் இல்லை. இடி வரவில்லை.

றொசானா என் கையை இழுத்தாள். பிரெஞ்சில் ஏதோ சொன்னாள்.

"சும்மா வா" என்றேன்.

செபச் சத்தத்தில் எனக்கு வேறொன்றும் கேட்கவில்லை என்றுதான் பிறகு எல்லோரிடமும் சொன்னேன்.

5.25க்கு வானில் ஏறினோம். வீடு வந்து சேரும் வரை றொசானா பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். காய்கள் நான்கு வகைதான் சேர்ந்திருந்தன.

நவம்பர் இரண்டாம் கிழமை வேட்டைக்காரர்கள் இருவர் அந்த மலையில் ஒரு உடலைக் கண்டெடுத்தார்கள். நடைபாதைக்கு இருநூறு மீற்றர் கீழே, ஒரு மரத்தில் முதுகு சாய்த்து உட்கார்ந்தபடி. தமிழ்ப் பெடியன். பெயர் றஜிந்தன், வயது இருபத்துநான்கு, லொங்குய்யில் தாயோடு இருந்தவன். மலை, ஏரி, காடு என்று படம் எடுத்துத் திரிவதில் பைத்தியம். தனியாகக் காட்டுக்குப் போகத் தாய் விடமாட்டார் என்று, ரொறன்ரோவுக்குச் சிநேகிதன் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நாங்கள் போவதற்கு முந்திய வியாழக்கிழமை பஸ் ஏறியிருக்கிறான். திங்கட்கிழமை வராமல் போகவே தாய் ரொறன்ரோ முழுக்கத் தேட வைத்திருக்கிறார். மலையில் தேடவேண்டும் என்று யாருக்குத் தெரியும்?

வழி தவறிக் குளிரில் இறந்திருக்கிறான். வெள்ளிக்கிழமை இரவு உயிர் போயிருக்கிறது என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தாராம்.

வெள்ளிக்கிழமை. நாங்கள் போனது ஞாயிற்றுக்கிழமை.

இதைக் கேட்டதும் நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். இன்னொருவருடைய பிள்ளை செத்த நாளுக்காக நன்றி சொன்னேன். அப்படியென்றால் கூப்பிட்டது பேய், நாங்கள் எந்த மனிதனையும் விட்டுவிட்டு வரவில்லை. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மார்ச் மாதம், ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலம். ஒரு ஞாயிறு, பூசை முடிந்து ஆட்கள் கோயில் மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டு நின்றார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், நெற்றியில் விபூதி, ஒவ்வொருவரிடமும் போய் ஒரு படத்தைக் காட்டிக்கொண்டு வந்தார். றஜிந்தனின் தாய் யோகராணி. மகனுடைய கமெராவைப் பொலிஸ் திருப்பிக் கொடுத்திருந்தது. அதில் இருந்த கடைசிப் படத்தைப் பெரிதாக்கிக் கொண்டு, தமிழர் கூடும் இடங்களுக்கெல்லாம் மெற்றோவில் போய்க் கேட்டுத் திரிந்திருக்கிறார். கோயில், தேவாலயம், கடை, ஒன்றும் மிச்சமில்லை.

"இவை ஆர் எண்டு தெரியுமோ ஐயா? என்ரை மகனைக் கடைசியாக் கண்டவையா இருக்கும்."

மாமா படத்தை வாங்கிப் பார்த்தார். "தெரியாது தங்கச்சி" என்றார். தொப்பியை மேசையிலேயே விட்டுவிட்டுக் குளிருக்குள் வெளியே போனார்.

படம் என் கைக்கு வந்தது.

இருட்டுப் பாதை. வரிசையாக நடந்து போகும் ஐந்து பேரின் முதுகு. கடைசியில் என் நீல ஜக்கெற். பத்தடி தூரத்தில் இருந்து எடுத்த படம், கூடினால் பன்னிரண்டடி. என் கையைப் பிடித்திருக்கும் சின்னப் பிள்ளை மட்டும் திரும்பி நேரே கமெராவைப் பார்க்கிறாள்.

மூலையில் சிவப்பு எழுத்து. 2006.10.29. 17:47.

"கமெராவின்ரை நேரம் பிழை எண்டு சொல்லுகினம், தம்பி. பிள்ளை வெள்ளிக்கிழமையே போயிட்டான். ஞாயிற்றுக்கிழமை எப்பிடிப் படம் எடுக்கிறது?"

நேரம் பிழைதான். சரியாக ஒரு மணி நேரம் பிழை. என் மணிக்கூட்டில் அப்போது 4.47. ஞாயிறு அதிகாலை எல்லோரும் மணிக்கூட்டைத் திருப்பினோம். அந்தக் கமெராவை யாரும் திருப்பவில்லை.

'தெரியாது' என்று சொல்ல நானும் வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்தில் ஒரு சின்னக் குரல்.

"அது நான்."

றொசானா.

யோகராணி தரையில் முழங்காலிட்டார். "என்ரை மகனைக் கண்டனியோ, அம்மா?"

"காணேல்லை. வெளிச்சம்தான் கண்டனான். அண்ணை எண்டு கூப்பிட்டவர்... மூண்டு தரம். நான் பப்பாட்டைச் சொன்னனான்."

உண்மை. அந்த மலையில் அவள் பிரெஞ்சில் சொன்னது 'பப்பா, இது மூன்றாவது' என்பதுதான். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்றும் இல்லை. எனக்கும் கேட்டது. 4.48. வெளிச்சத்துக்குப் பிறகு, மாமியின் செபத்துக்கு மேலால், தெளிவாக. நான் மகளின் கையை இறுக்கிக்கொண்டு இன்னும் வேகமாக நடந்தேன். ஷெரோனுக்குக்கூட இதை நான் சொன்னதில்லை.

அந்தத் தாய் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கியிருப்பேன்.

"மூண்டு தரமோ..." என்றார். "நான்தான் சின்னனிலை சொல்லிக் குடுத்தனான். பொழுதுபட்டால் ஆரையும் மூண்டு தரம் கூப்பிடு, இல்லாட்டிப் பேய் எண்டு பயந்து போயிடுவினம் எண்டு. மறக்கேல்லை அவன்."

பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"குரல் எப்பிடி இருந்தது, தம்பி? போகேக்கை தடிமன் எண்டு சொன்னவன். அடைச்சுப்போய் இருந்ததோ?"

"ஓம்" என்றேன்.

"தடிமனுக்குக் குளிசை குடுத்து விட்டனான். குடிச்சிருக்க மாட்டான்."

படத்தைத் துடைத்துக் கைப்பைக்குள் வைத்தார். றொசானாவின் ஜக்கெற்றைக் கழுத்துவரை பூட்டிவிட்டார். "வெளியிலை குளிர்" என்று சொல்லிவிட்டு மெற்றோவுக்கு நடந்தார்.

அதற்குப் பிறகு நான் நிறைய யோசித்துவிட்டேன். உயிரோடு இருந்தவன் என்றால், பத்தடி பின்னால் நின்றவன் ஏன் ஓடி வந்து என் தோளைப் பிடிக்கவில்லை? நடக்க முடியாமல் போய்விட்டதா? வெளிச்சம் அடித்தால் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்தானா? பேய் என்றால், அது ஏன் மூன்றாம் தரம் கூப்பிட்டது? அந்தப் படத்தை எப்படி எடுத்தது?

இரண்டு வைத்தியர்களிடம் விசாரித்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை என்று எழுதியிருந்தால் வெள்ளிக்கிழமைதான் என்றார் ஒருவர். உறைந்த உடம்பில் இரண்டு நாள் முன்பின்னாகக் கணக்குப் பிழைக்கலாம் என்றார் மற்றவர். மூன்றாவது ஆளிடம் நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை என்றுதான் நான் நம்புகிறேன். நீங்களும் அப்படியே நம்புங்கள்.