பிரெஞ்சு சேனலில் பூட்டு

எங்கள் லயத்தில் பந்து வலைக்குள் போனால் யாரும் 'கோல்' என்று கத்துவதில்லை. 'பூட்டு' என்றுதான் கத்துவோம். அதற்குக் காரணம் ஒரு பிரெஞ்சு சேனல்.

இலங்கையில் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது எங்கள் லயம், ஒரே நீளக் கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள். ஒருமுறை அடித்த பேய்க்காற்றில் கூரை மேலிருந்த டிஷ் திரும்பிக்கொண்டது. அப்பா மேலே ஏறித் திருப்ப, அம்மா உள்ளேயிருந்து "வந்துருச்சு... ஐயோ, போயிருச்சு... அங்கனயே புடிங்க!" என்று கத்தினாள். கடைசியில் அம்மாவின் நாடகம் வரவில்லை. புரியாத பாஷையில் உதைபந்தாட்டம் வந்தது. டிஷ் விற்ற பதுளைக் கடைக்கார முஸ்லிம் நானாவிடம் போய்க் கேட்டேன். "அது பிரெஞ்சு சேனல், தங்கச்சி. சும்மா வாறது, வச்சிக்கோங்க," என்றார்.

வைத்துக்கொண்டோம். ஞாயிறு பின்னேரங்களில் லயத்து ஆண்களில் பாதிப்பேர் எங்கள் காம்பராவில்தான் இருப்பார்கள். பந்து உள்ளே போகும்போதெல்லாம் வர்ணனைக்காரர் தொண்டை கிழிய ஏதோ ஒரு சொல்லைச் சொல்வார். எங்கள் காதுக்கு அது 'பூட்டு' என்றே கேட்டது. "பந்து உள்ள போயிருச்சு, இனி வெளிய வராது, பூட்டியாச்சுன்னு சொல்றான்" என்று விளக்கம் சொன்னவர் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் சித்தப்பா. பிரான்சிலேயே பிறந்து வளர்ந்தவர் மாதிரிச் சொன்னார். அர்த்தம் பொருந்தியதால் யாரும் மறுக்கவில்லை.

நானும் அம்மாவும் அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு வாசற்படியில் நின்று பார்ப்போம். நின்றுதான். எங்கள் வீட்டில் எங்களுக்கு உட்கார இடம் கிடையாது. அப்படி நின்றபடியே ஆட்டம் எனக்குப் பிடித்துப்போனது. நான் வேலைக்குப் போகும் புடவைக் கடையில் வாரம் முழுக்கத் துணி மடிக்கும்போதும் ஞாயிற்றுக்கிழமையைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் அந்தச் சேனலில் ஒரு விளம்பரம் வந்தது. குதிரைவால் சடை போட்ட ஒருத்தி பந்தை உதைத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடுகிறாள். பெண்களின் இறுதிப் போட்டி. எழுத்து புரியாவிட்டாலும் திகதி புரிந்தது, ஞாயிற்றுக்கிழமை. இதை முழுக்கப் பார்த்தே தீருவது என்று லயத்துப் பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லிவைத்தேன்.

அதே பின்னேரம் கிரிக்கெட்டும் இருந்தது. கிரிக்கெட் வரவேண்டுமானால் டிஷ்ஷைத் திருப்ப வேண்டும்.

"பொம்பளைங்க பந்து ஒதைக்கிறத என்னாத்துக்குப் பாக்கணும்? திருப்பிருவோம்ணே," என்றார் சித்தப்பா, அப்பாவிடம். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்கிற கதைதான். டிவி எங்களுடையது, டிஷ் எங்களுடையது, தேத்தண்ணியும் எங்களுடையது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். அன்று மூக்கைத் தாண்டிவிட்டது.

லயத்துக்குப் பின்னால் மண்மேடு கூரையளவு உயரம். அங்கிருந்து ஒரு எட்டு வைத்தால் தகரத்தில் நிற்கலாம். சித்தப்பா ஸ்பானரோடு மேடேறுவதற்குள் நான் கூரையில் ஏறி, டிஷ்ஷைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"ஏய், எறங்கு! வயசுப்புள்ள கூரையில ஏறி உக்காந்தா நாலு பேரு என்னா பேசுவாங்க?"

"அந்த நாலு பேரும் கீழதான் நிக்கிறாங்க சித்தப்பா. பேசச் சொல்லுங்க."

"அண்ணே, ஒங்க மகள எறங்கச் சொல்லுங்க!"

அப்பா என்னை அண்ணாந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"தகரம் வழுக்கும். பாத்து உக்காரு," என்றார்.

இறங்கினால் மறு நிமிடமே திருப்பிவிடுவார்கள். அதனால் ஆட்டம் முடியும்வரை மேலேயே இருந்தேன். தூறல் போட்டது. பயமாகத்தான் இருந்தது. அதைவிட, எதைப் பார்ப்பதற்காக இத்தனை சண்டை போட்டேனோ அதை என்னால் பார்க்க முடியவில்லையே என்று அழுகையே வந்துவிட்டது. கீழே எங்கள் காம்பராவில், முதல் தடவையாக, பெண்கள் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சத்தம் மட்டும் தகரத்தின் வழியாக எனக்கு வந்தது.

திடீரென்று எல்லோரும் சேர்ந்து "பூட்டு!" என்று அலறினார்கள்.

"யாரு?" என்று நானும் மேலேயிருந்து கத்தினேன்.

"செவப்பு!"

யார் பக்கம் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. அந்த நிமிடத்திலிருந்து சிவப்பின் பக்கம். கொஞ்ச நேரத்தில் இன்னொரு பூட்டு, அது நீலம். அப்புறம் மறுபடியும் நீலம். சிவப்பு தோற்றது. எனக்கு உண்மையிலேயே வலித்தது, ஒரு உதையைக்கூட நான் பார்க்கவில்லை என்றாலும்.

நனைந்துபோய் இறங்கி வந்தேன். வாசலில் சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னைக்கோட சரி. இனி ஏறக்கூடாது."

"பொம்பளைங்க ஆட்டம் எப்ப வந்தாலும் ஏறுவேன் சித்தப்பா," என்றேன்.

"நீ ஏற வேணாம்," என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

அவளோடும் சண்டை போடத் தயாராகத் திரும்பினேன். அம்மா கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை. சித்தப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வாட்டி நீ உள்ள உக்காந்து பாரு. கூரைக்கு நான் ஏறுறேன்."