தேனருவிக்கு இரண்டாம் தடவை

தென்காசி தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்த ஞானசம்பந்தத்துக்குப் பயம் என்பதே கிடையாது. அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். பத்து வருஷமாகக் கேட்டுக் கேட்டு அவர் மனைவி குழல்வாய்மொழிக்குக் காது புளித்துவிட்டது.

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் அவர்கள் வீட்டில் விருந்தாளிக்குப் பஞ்சமில்லை. பேரருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையும் அகோரப் பசியுமாக வந்து இறங்குவார்கள். சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு வந்ததும் ஞானசம்பந்தம் சம்மணம் போட்டுத் தொண்டையைச் செருமுவார். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். போனாலும் காதில் விழும்.

"அம்பத்துமூணுல நானும் இவளும் தேனருவிக்கு ஏறுனோம், பாத்துக்கிடுங்க. செண்பகாதேவி தாண்டி ஆத்தைக் கடக்கணும். நான் அக்கரைக்குப் போயிட்டேன். திரும்பிப் பாத்தா இவ நடுவுல ஒரு பாறையில உக்காந்து அழுதா. தலை சுத்துதாம். பொறவு என்ன செய்ய? தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு இறங்கிட்டேன்."

முதல் வருஷம் சொன்ன கதையில் அவர் அவள் கையைப் பிடித்துத்தான் அழைத்துவந்தார். நான்காம் வருஷம் முதுகில் சுமந்தார். தோளுக்கு வந்தது அதற்கும் பிறகு.

நடந்தது என்னவென்று மலைக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிது, அவளுக்கு இருபது வயது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கல் கல்லாகத் தாவி அக்கரையில் போய் நின்றாள். பின்னால் வந்தவர் மூன்றாவது பாறையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணை இறுக மூடியிருந்தார். இரண்டு கையாலும் பாறையைக் கட்டிப் பிடித்திருந்தார்.

"ஏட்டி, வந்துரு! என்னை விட்டுட்டு எங்கன போற?"

தண்ணீர் முழங்காலுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. அவள் திரும்பி வந்து, கையைப் பிடித்து, ஒவ்வொரு கல்லாகக் காலை எடுத்து வைக்கச் சொல்லிக் கரையேற்றினாள். கீழே வந்து சேரும்வரை அவர் வாய் திறக்கவில்லை. வீட்டு வாசலில் அவருடைய அம்மா, "என்னலே, சீக்கிரம் வந்துட்டே?" என்று கேட்டதும் திறந்தது.

"இவளுக்குத் தலை சுத்திட்டு."

புது மருமகள் மறுத்துப் பேசவில்லை. ஒரு நாளைக்கு வேண்டிய மானம்தானே, வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டாள். அவர் அதை ஆயுள்சொத்தாக ஆக்கிக்கொள்வார் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

பிறகு அவரைக் கவனிக்க ஆரம்பித்தாள். தாசில்தார் தெருவில் வந்தால் அவர் முதுகு தானாக வளையும். அதே முதுகு, வீட்டுப் படியேறியதும் விறைத்துக்கொள்ளும். இடி இடித்தால் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, அடைத்தது குளிருக்கு என்பார். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. சோற்றில் கல் அகப்பட்டால் துப்புவதுபோல மனசுக்குள் துப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தாள்.

அறுபத்துமூன்று மாசியில் ஞானசம்பந்தம் ஆபீஸ் வேலையாகக் காலை ரயிலில் திருநெல்வேலிக்குப் போனார். பிள்ளைகள் இரண்டும் இலத்தூரில் அவள் அம்மா வீட்டில் இருந்தன. அவள் புளிச்சோற்றைத் தூக்குச்சட்டியில் அடைத்துக்கொண்டு குற்றாலம் பஸ்ஸில் ஏறினாள். வீடுவீடாகப் பெருக்குகிற வாரியலும் மலை நெல்லிக்காயும் விற்க வரும் இசக்கியிடம், தேனருவிக்கு வழித்துணையாக வரும்படி முன்பே சொல்லி வைத்திருந்தாள்.

"ஐயா ஒண்ணும் சொல்ல மாட்டாவளா ஆச்சி?" என்று இசக்கி கேட்டாள்.

"அவரு சொல்லுததுக்கு என்ன குறைச்சல்? நீ நட."

செண்பகாதேவி கோயிலைத் தாண்டி ஆற்றுக்கு வந்தபோது வெயில் ஏறவில்லை. அந்த மூன்றாவது பாறை அடையாளம் தெரிந்தது. மாசித் தண்ணீர் கணுக்காலைத்தான் நனைத்தது. இதற்குத்தானா பத்து வருஷம் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் அக்கரைக்கு அப்பால் சிரிக்க ஒன்றுமில்லை. பாதை என்று எதுவும் இல்லை. யானை யானையாகக் கிடந்த பாறைகளுக்கு நடுவே ஏறி, இறங்கி, மறுபடி ஏற வேண்டியிருந்தது. ஓரிடத்தில் வழுக்குப் பாறையின் குறுக்கே ஒரு வேர் ஓடியது. அதைப் பிடித்துத்தான் நகர வேண்டும். கீழே ஆழம் தெரியாமல் கறுப்பாகத் தண்ணீர் தேங்கிய ஒரு கசம். இசக்கி பல்லிபோலப் போய்விட்டாள். குழல்வாய்மொழி பாதி தூரத்தில் கால் வழுக்கி முழங்கால் பட விழுந்தாள். வேரை விடவில்லை. ஆனால் கண் தானாக மூடிக்கொண்டது.

"திரும்பணும்னா திரும்பிருவோம் ஆச்சி. இதுல என்ன குத்தம்? எனக்கே மொதத் தடவை இங்கன அழுகை வந்துட்டு" என்றாள் இசக்கி.

அப்படியே ஒட்டிக்கொண்டு கிடந்தபோதுதான் அவளுக்கு ஒன்று விளங்கியது. பாறையில் உட்கார்ந்ததற்காக அவரை அவள் ஒருநாளும் இளப்பமாக நினைத்ததில்லை. பயம் யாருக்கும் வரும், இதோ தனக்கே வந்திருக்கிறது. வந்த பயத்தைப் பெண்டாட்டி தலையில் கட்டிவிட்டு வெற்றிலை போட்டாரே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அதை வாயை மூடிக்கொண்டு கேட்டவள்மீதும் அவளுக்கு மரியாதை இல்லை.

"கையைக் கொடு" என்றாள்.

உச்சிப்பொழுதில் தேனருவியின் அடியில் நின்றார்கள். தண்ணீர் மெலிந்துதான் விழுந்தது. மேலே பாறை இடுக்கில் சுளகு சுளகாகத் தேனடைகள் தொங்கின. சத்தம் போட்டால் ஈ கலையும் என்று இசக்கி சைகை காட்டினாள். இருவரும் பேசாமல் புளிச்சோற்றைத் தின்றார்கள். அவ்வளவு ருசியாக ஒரு சாப்பாட்டை அவள் அதுவரை சாப்பிட்டதில்லை.

அந்த வருஷச் சீசனுக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து ஞானசம்பந்தத்தின் பெரியப்பா மகன் நமசிவாயம் வந்திருந்தார். வெற்றிலைத் தட்டு வந்தது. தொண்டை செருமியது. கதை ஆற்றை அடைந்ததும் குழல்வாய்மொழி அடுப்படியிலிருந்து வெளியே வந்து நின்றாள்.

"அந்தப் பாறையில உக்காந்தது நானில்ல அண்ணாச்சி, இவரு. கண்ணை மூடிக்கிட்டு இருந்தாரு. நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டியாந்தேன். மாசியில நான் தேனருவி வரைக்கும் போயிட்டு வந்துட்டேன். அந்த ஆறு அப்படியொண்ணும் பெரிசில்ல."

நமசிவாயம் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். "ஏலே, நெசமா?"

ஞானசம்பந்தம் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது என்று சொல்லி எழுந்து வெளியே போனார். டப்பி நிறையச் சுண்ணாம்பு இருந்தது.

ஒரு வாரம் அவர் வெற்றிலைத் தட்டைத் தொடவில்லை. எட்டாம் நாள் அவள் மாவாட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் பக்கத்து வீட்டு அய்யாத்துரையிடம் அவர் பேசுவது கேட்டது.

"எங்க வீட்டுல தேனருவி வரைக்கும் ஏறிட்டு வந்துட்டா, தெரியுமா? பத்து வருசத்துக்கு முன்னால நான் வழி காட்டிக் கொடுத்தது. நீயே போயிட்டு வாட்டின்னு நான்தான் அனுப்பி வச்சேன்."

"பொம்பளையை அப்படி அனுப்பவும் ஒரு தைரியம் வேணும்லா சார்" என்றார் அய்யாத்துரை.

"அது இருக்கு" என்று ஞானசம்பந்தம் அடக்கத்தோடு ஒப்புக்கொண்டார்.

அவள் குழவியை நிறுத்தவில்லை. இந்த மனுஷனிடம் உண்மையைச் சொன்னால், அதையும் வாங்கி உடுத்திக்கொண்டு திரிவார். திருத்தப் போவது வீண்வேலை என்று அன்றோடு விட்டுவிட்டாள்.

அடுத்த மாசியில் ஒருநாள் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "நாளைக்கு மலைக்குப் போறேன். சோறு வடிச்சு வச்சிருப்பேன், போட்டுச் சாப்பிட்டுக்கிடுங்க" என்றாள். போகட்டுமா என்று கேட்கவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மோர் ஊற்றச் சொன்னார். ஊற்றினாள்.