சேவல் பெல்

என் மாமாவை எல்லோரும் ‘தண்ணி’ என்றுதான் கூப்பிடுவார்கள். குடிகாரர் என்று நினைத்தால் அது உங்கள் தப்பு. சைக்கிள் பந்தயத்தில் சம்பளத்துக்கு ஓட்டியவர். பின்னால் வரும் காரில் தண்ணீர்ப் பாட்டில்களை வாங்கி, சட்டை முதுகில் திணித்துக்கொண்டு மிதித்துப் போய், அணியின் நட்சத்திரமான ‘அண்ணனிடம்’ கொடுப்பது அவர் வேலை. அண்ணன் ஜெயிப்பார். மாமா கடைசிக் கும்பலோடு வந்துசேர்ந்து, “இன்னைக்கு ஜெயிச்சுட்டோம்” என்பார்.

ஊக்கமருந்துச் சோதனைக்காரர்கள் சொல்லாமல் வருவார்கள். தினமும் தான் எழுதிக்கொடுத்த ஒரு மணி நேரம் வீரர் வீட்டில் இருக்க வேண்டும். வருஷத்தில் மூன்று தடவை ஆள் கிடைக்காவிட்டால் மருந்து தின்றவன் கணக்குதான்.

மாமா இரண்டு தடவை விமானம் தாமதமாகித் தவறவிட்டார். மூன்றாவது தடவை வீட்டில்தான் தூங்கிக்கொண்டிருந்தார். வாசல் பெல் செத்துக் கிடந்தது. “பெல்லைப் பார்த்துக்கொள்வது வீரரின் பொறுப்பு” என்று விசாரணைக் குழு இரண்டு வருஷம் தடை போட்டது. அதே வருஷம் அண்ணனுக்கும் மூன்றாவது தடவை. அவருக்கும் பெல் கேட்கவில்லையாம். பெரிய வீடு, கேட்காதது சகஜம்தான் என்று அதே குழு எச்சரித்து அனுப்பிவிட்டது. பெல்லுக்கும் ஆள் பார்க்கத் தெரிகிறது.

மாமாவுக்கு முப்பத்து நாலு வயசு. அந்த வயசில் இரண்டு வருஷம் என்பது ஆயுள் தண்டனை. மேல்முறையீடும் போன வாரம் தோற்றது.

“அவனுக்கும் ரெண்டு வருஷம் போடுங்கன்னு கேட்டிருக்கணும்டா” என்றாள் அம்மா.

“அவன் வீட்ல உக்காந்தா என் சக்கரம் சுத்துமாக்கா? ஒரே தப்புக்கு ஏன் ரெண்டு அளவுன்னு கேட்டேன். அதுக்குத்தான் பதில் வரல.”

தடைக் காலத்திலும் சோதனைக்கு வீட்டில் இருந்தால்தான் மறுபடி ஓட்ட முடியும். ஓய்வு என்று எழுதிக்கொடுத்தால் யாரும் வரமாட்டார்கள்.

“எழுதிக் குடுத்துட்டு நிம்மதியாத் தூங்கேன்டா.”

“எழுதினா, பயந்து ஓடிட்டான்ம்பாங்க.”

விடிந்ததும் மாமா கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். நடுவில் வெளியே போய்த் தானே பெல்லை அமுக்கிப் பார்ப்பார். பார்க்கச் சகிக்காமல் நான் புது பெல் மாட்டினேன். அமுக்கினால் சேவல் கூவும். மாடியில் குடியிருக்கிற அத்தனை பேரும் திரண்டு வந்து திட்டினார்கள். சும்மா கிண்டலுக்கு என்று சொல்லிவைத்தேன். கடையில் இருந்ததிலேயே அதற்குத்தான் சத்தம் அதிகம்.

இன்று காலை சேவல் கூவியது. சோதனைக்காரர் மறுபடி அமுக்குவதற்குள் மாமா கதவைத் திறந்தார்.

“இன்னும் ஓட்டப்போறீங்களா சார்?” என்றார் அவர், தயங்கி.

மாமா வழிவிட்டு நின்றார்.

“உள்ள வாங்க. முதல்ல, பெல் வேலை செய்யுதுன்னு எழுதிக்குங்க.”