இருநூறு கிலோ கிளாஸ்

என் எடை எவ்வளவு என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். என் செருப்பு சைஸ் தெரியும், கோபம் வந்தால் எந்தப் பாத்திரத்தை முதலில் தூக்குவேன் என்பதுகூடத் தெரியும். எடை மட்டும் தெரியாது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் மெஷினைக் காட்டினால், "நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்று அவரை அனுப்பிவிட்டுத்தான் ஏறுவேன். நர்ஸ் நம்பரைச் சத்தமாகப் படித்தால் அவளுக்கும் கிடைக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரேஸில் நான் அடித்த கூத்துக்கு இதுதான் காரணம்.

நான் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். அவனியாபுரத்திலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு, மறுபடி அவனியாபுரம். அவர் கப்பலூரில் லேத்து வேலை. எங்கள் இரண்டு பேருக்கும் சினிமாப் பைத்தியம் கிடையாது, சீட்டுக்கட்டு கிடையாது. எங்களுக்குப் பிடித்த பைத்தியம் டிராக் ரேஸ். நேரான ரோடு, நானூறு மீட்டர், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பைக். விளக்கு எரிந்ததும் கிளம்பணும், யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறாரோ அவர் ஜெயித்தார். அம்புட்டுத்தான். இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினால் போதும், அடுத்த வாரம் அவர்களே போன் போடுவார்கள்.

ரேஸ் நடப்பது ஏர்போர்ட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு லேஅவுட்டில். விமானச் சத்தத்துக்குப் பயந்து ஒருத்தரும் பிளாட் வாங்கவில்லை. ஆனால் ரோடு மட்டும் வழுவழுவென்று போட்டுவிட்டார்கள். லேஅவுட்காரருக்குக் கூட்டம் வந்தால் சந்தோஷம், வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் பிளாட் நோட்டீஸ் கொடுப்பார். போலீஸ் பர்மிஷன், ஆம்புலன்ஸ் எல்லாம் முறையாக உண்டு. நடத்துகிறவர் தெப்பக்குளம் பக்கத்தில் மைக் செட் வைத்திருக்கும் அண்ணன். அறிவிப்பு அவர், நடுவர் அவர், விளக்கும் அவருடையதுதான். கல்யாண வீட்டு சீரியல் லைட்டில் மூன்று பல்பைப் பிரித்துக் கம்பத்தில் கட்டி வைத்திருந்தார்.

நாங்கள் ஓடிய பிரிவுக்கு 'வீட்டு வண்டி கிளாஸ்' என்று பேர். ஆரம்பத்தில் இரண்டே விதி. இன்ஜின் கம்பெனியில் வந்தபடியே இருக்கணும். வண்டி சொந்த நம்பர் பிளேட்டோடு ரோட்டில் ஓடி வந்து சேரணும். பால் வாங்கப் போகிற பழைய நூறு சிசி வண்டிகள், இருபத்திரண்டு பேர். அடேயப்பா, அது ஒரு காலம்!

விதியில் எழுதாததை யாரும் செய்யலாம்தானே? ஒருத்தர் அலுமினிய ரிம் போட்டார். வண்டி லேசானது, ஜெயித்தார். அடுத்த மாதம் நாலு பேர் அலுமினிய ரிம். அப்புறம் உள்ளங்கையளவு பேட்டரி வந்தது, பைபர் மட்கார்டு வந்தது, சென்னையிலிருந்து சைலன்சர் வந்தது. கிலோவுக்குக் கிலோ காசைக் கொட்டினார்கள். ஒரு ஜோடி ரிம் விலைக்கு நான் என் ஆட்டோவுக்கு ஒரு வருஷ இன்சூரன்ஸ் கட்டிவிடுவேன். இருபத்திரண்டு பேர் ஏழு பேரானார்கள். "விட்ருவோம்மா, நமக்குக் கட்டாது" என்று எங்கள் வீட்டுக்காரர் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது.

வயிறு எரிந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. எனக்கு ஓட்டணும். ஆசை என்றால் அப்படி ஒரு ஆசை! எங்கள் வண்டியை ஓட்டியது அவர்தான், ஏனென்றால் அவர் ஐம்பத்தி நாலு கிலோ. நான் தண்ணீர் பாட்டிலும் துடைக்கிற துணியுமாக ஓரத்தில் நிற்பேன். அவர் கிளட்சை விடுகிற லட்சணத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி விடுவார். நானோ ஒரு நாளைக்கு இருநூறு தடவை நின்று கிளம்புகிறவள். கை காட்டினால் நிறுத்தணும், கால் வைத்ததும் கிளம்பணும், பின்னாடி டவுன் பஸ் ஹாரன் அடிப்பான். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கும் என்று என் இடது கை தூக்கத்தில்கூடச் சொல்லும். ஒருமுறை காலி ரோட்டில் சும்மா ஓட்டிப் பார்த்தேன். முதல் முப்பது மீட்டர் நான்தான் ராணி. அதற்கப்புறம் என் எடை என்னைப் பின்னாடி இழுத்துவிட்டது.

மைக் செட் அண்ணனின் குடோனில் கூட்டம் போட்டோம். ஏழு பேரும் வந்தார்கள், விட்டுவிட்டுப் போனவர்களும் சிலர் வந்தார்கள். அலுமினிய ரிம்முக்குத் தடை போடலாம் என்றார் ஒருத்தர். பாய் எழுந்தார். கீழவாசலில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர், எங்கள் கிளாஸில் எப்போதும் முதலில் வருகிறவர், அலுமினிய ரிம்மை முதலில் மாட்டியவரும் அவர்தான். "வாங்கியாச்சே, இப்ப அதை வைகையில போடவா?" என்றார். நியாயம்தான். சாமானுக்கு விலை வரம்பு வைக்கலாம், பில்லைக் காட்டட்டும் என்றார் இன்னொருத்தர். "பில்லு புக்கு அச்சடிக்க எம்புட்டு நேரமாகும்?" என்று நான் கேட்டேன். எல்லாரும் சிரித்துவிட்டு மறுபடியும் சண்டைக்குப் போனார்கள்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஏண்ணே, கப்பலூர்ல லோடு லாரி உள்ள வருது. டயர் என்ன, தார்ப்பாய் என்னன்னா கேக்குறாங்க? எடை மேடையில ஏத்துறாங்க, நம்பரைப் பாக்குறாங்க, முடிஞ்சுபோச்சு. அது மாதிரி வண்டியையும் ஆளையும் சேத்து நிறுத்துங்க. இருநூறு கிலோவுக்குக் குறையக் கூடாது. தங்கத்துல வேணாலும் ரிம் போட்டுக்கட்டும். எத்தனை கிலோ குறைக்கிறாகளோ அத்தனை கிலோ மணலைச் சுமக்கட்டும்!"

பாய்தான் முதலில் சிரித்தார். "மாஷா அல்லா! என் ரிம்மை இப்படி ஒரே பேச்சுல இரும்பாக்கிட்டியே தங்கச்சி" என்றார். ஆனால் கையை முதலில் தூக்கியதும் அவர்தான். அந்த மனுஷனை எனக்கு அன்றைக்கே பிடித்துப்போனது.

திரும்பும்போது ஆட்டோவில் பின்னாடி உட்கார்ந்திருந்த எங்கள் வீட்டுக்காரர் மெதுவாக முன்னால் குனிந்தார். "அப்ப இனிமே ஒல்லியா இருந்து பிரயோஜனம் இல்ல, அப்படித்தானே?"

"ஆமா."

"நான் ஓட்டுனா முப்பத்தஞ்சு நாப்பது கிலோ மணல் கட்டணும். நீ இருக்கும்போது எதுக்கு மணல்?"

எனக்குக் கோபம் வரணுமா சந்தோஷம் வரணுமா என்று தெரியவில்லை. வில்லாபுரத்தில் ஒரு ஆளை ஏற்ற நிறுத்தியபோது, "நான் ஓட்டுறேன்" என்றேன். ஏறிய ஆள், "நீங்கதானம்மா ஓட்டணும்?" என்று முழித்தார்.

எங்கள் வண்டியின் பழைய இரும்பு ரிம்மைக் கழற்றித் துருவைத் தேய்த்தோம். முதல் எடைக்குக் கப்பலூர் எடை மேடைக்கே எல்லாரும் போனோம். அங்கேதான் என் புத்திசாலித்தனம் பல்லிளித்தது. லாரி எடை மேடை பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும்! பாய் வண்டியோடு ஏறினால் நூற்று எண்பது. ஹெல்மெட்டைக் கழற்றினாலும் நூற்று எண்பது. ஒரு செங்கல்லைத் தூக்கிக்கொண்டு ஏறினால் திடீரென்று நூற்றுத் தொண்ணூறு. மேடைக்காரர் வெளியே வந்து, "இருபது டன் நிக்கிற எடத்துல என்னய்யா விளையாட்டு?" என்று விரட்டிவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கடைசியில் மைக் செட் அண்ணன் வெங்காய மண்டியில் மூட்டை போடுகிற தராசை வாடகைக்குப் பிடித்தார். அது நூறு கிராம் வரைக்கும் காட்டும்.

எங்கள் வண்டியை மட்டும் வீட்டுக்காரர் மண்டிக்கே கொண்டுபோய் எடை போட்டுவிட்டு வந்தார். பெட்ரோல், என் ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ எல்லாம் சேர்த்து நூற்று ஒன்பது. பேப்பரில் எழுதிக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீ எம்புட்டு?"

வாயில் வந்தது, "எண்பத்தி நாலு."

உண்மை எனக்குத் தெரியும். போன மாதம்தான் நர்ஸ் சொன்னாள். ஆனாலும் எண்பத்தி நாலு என்று சொல்லிவிட்டேன், அதுவும் முகத்தை நேராகப் பார்த்து. அவர் கணக்குப் போட்டு, ஏழு கிலோ குறைகிறது என்று ஏழு கிலோ மணலைக் கித்தான் பையில் தைத்து, சீட்டுக்கு அடியில் பெல்ட் போட்டு இறுக்கினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கூடச் சுமந்தால் விதிப்படி தப்பில்லை, நம் கை பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். மண்டைக் கனம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினாலு வண்டி வந்தது! விட்டுவிட்டுப் போனவர்கள் இரும்பு ரிம்மோடு திரும்பி வந்திருந்தார்கள். எங்கள் ஸ்டாண்டு ஆட்டோக்காரர்கள் ஆறு ஆட்டோவில் வந்து இறங்கி, "அக்கா! அக்கா!" என்று ஒரே கத்து. பச்சை எரிந்தது. அவ்வளவுதான், என் இடது கை மற்றதைப் பார்த்துக்கொண்டது. இரண்டு பேரை வீழ்த்தினேன், மூன்றாவது ஆள் கியர் போடத் திணறினார், நான் பைனலில்! எதிரில் இருபத்தி இரண்டு கிலோ மணலோடு பாய்.

பைனல் மூன்று ஓட்டம். இரண்டு ஜெயித்தவருக்குக் கோப்பை. அதுவரை ஆளாளுக்குச் சொன்ன கணக்குத்தான்; பைனலில் ஒவ்வொரு ஓட்டமும் முடிந்ததும் தராசில் ஏறணும். முதல் ஓட்டத்தில் பாதி தூரம் நான்தான் முன்னால். முடிவில் பாய் அரைச் சக்கரம் முந்திவிட்டார். தராசில் ஏறினோம். மைக் செட் அண்ணன் படித்தார். "பாய், இருநூறு புள்ளி ரெண்டு! நம்ம தாயி... இருநூத்தி ஏழு!"

கூட்டம் முணுமுணுத்தது. எங்கள் வீட்டுக்காரர் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினார். "ஏழு கிலோ எங்கிட்டு இருந்து வந்துச்சு? தராசு தப்பா இருக்கு அண்ணே." தராசை ஆட்டினார், அடியில் கல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பாவம், என் மேல் மட்டும் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தோற்றதுகூடப் பரவாயில்லை, இந்த மனுஷனைத் தராசோடு சண்டை போட விட்டுவிட்டேனே என்று இருந்தது.

அண்ணன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினேன். "தராசு சரியாத்தான் இருக்கு. வண்டி நூத்தி ஒம்போது. நான் தொண்ணூத்தி ஒண்ணு. எண்பத்தி நாலுன்னு பொய் சொன்னேன். ஏங்க, அந்த மணலை எடுத்துக் கொட்டுங்க!"

லேஅவுட் பூரா கேட்டது. அப்புறம் வந்தது பாருங்கள் விசில்! ஆட்டோக்காரர்கள் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் பிளேடால் பையைக் கிழித்து மணலை ரோட்டோரம் கொட்டினார். சிரிக்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை, குனிந்திருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

இரண்டாவது ஓட்டத்தில் பாயின் முகத்தையே நான் பார்க்கவில்லை, அவர் என் முதுகைத்தான் பார்த்தார். தராசில் இருநூறு, சரியாக. நெருப்பாக வெயில், உடம்பில் வேர்வை ஊற்றுகிறது. இன்னும் நூறு கிராம் வேர்த்தால் விதிக்குக் கீழே போய்விடுவேன். எங்கள் வீட்டுக்காரர் பெட்ரோலுக்கு ஓடினார். அவர் திரும்புவதற்குள் பாய் இரண்டு இளநீரைச் சீவி எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார். "குடி தங்கச்சி. தராசு ஜெயிச்சுக் குடுத்த கோப்பை எனக்கு வேணாம், ரோட்டுல வா."

குடித்தேன். இரண்டையும் ஒரே மூச்சில். பச்சை எரிந்தது. கிளட்ச் பிடித்த இடம், முன் சக்கரம் லேசாகத் தூக்கிய இடம், ஒவ்வொன்றும் இன்றைக்கும் கைக்குள் இருக்கிறது. ஒரு வண்டி நீளம் முன்னால் கோட்டைத் தாண்டினேன். தாண்டியதும் ஹெல்மெட்டுக்குள்ளேயே ஓவென்று கத்தினேன், அழுதேனோ என்னவோ.

தராசு பாக்கி இருந்தது. வண்டியை ஏற்றி நிறுத்திவிட்டு மேலே உட்கார்ந்தேன். எங்கள் வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் தானாகவே நாலு எட்டு தள்ளிப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பதினெட்டு வருஷமாக நான் பழக்கிய பழக்கம்.

"ஏங்க, எங்க போறீங்க? இங்கிட்டு வந்து நில்லுங்க. நீங்களே படிங்க" என்றேன்.

வந்தார். குனிந்து நம்பரைப் பார்த்தார். மைக் செட் அண்ணன் மைக்கை அவர் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தார். "இருநூறு புள்ளி அஞ்சு" என்று படித்தார். அப்புறம் யாரும் கேட்காமலேயே, "மணல் இல்லாம" என்றார்.