உரச் சாக்கில் வந்த யுரேனியம்

லுணுகலை டவுனில் பழைய சாக்கு விற்கிற ஸனூஸ் நானா நான்தான். யுரேனியம் கதையில் பாதிப் பழியை என் தலையில் கட்டிவிட்டார்கள். மீதிப் பழி இருதயம்மாக்காவுக்கு. அவர் வாய் திறக்கமாட்டார், அதனால் நானே சொல்கிறேன்.

இருதயம்மாக்கா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். உரச் சாக்கு இல்லாமல் அவருக்குப் பிழைப்பே இல்லை. மழைக்குத் தலையில் ஒன்று, மலையில் நிற்கும்போது இடுப்பில் படங்காகக் கட்ட ஒன்று, வாசலில் கால் துடைக்க ஒன்று. எல்லாம் என் கடைச் சாக்கு. அவர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே பள்ளத்தில் இருபது பேர்ச் அளவுச் சேற்று நிலத்தைத் திருத்தி, இருபது வருடமாகப் போஞ்சிக் கொடி போடுகிறார். அதற்கு அவர் பெயரில் ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. தோட்டத்தை நடத்தப் புதிதாக வருகிற ஒவ்வொரு துரையும், அது கம்பனிக் காணி, நினைத்தால் எடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுத்தான் பங்களாவில் பெட்டியை இறக்குவார்.

போன வருடம் கொழும்பிலிருந்து ஓர் ஆய்வுக் குழு வந்தது. அதற்குப் பொறுப்பு ஷம்ரா மிஸ். ஒரு காலத்தில் அந்தப் பள்ளத்தில் ஆறு ஓடி, ஏரியாகத் தேங்கி, பிறகு மண் மூடிவிட்டதாம். மலைப்பாறையில் இருக்கும் யுரேனியத்தைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்து அந்த ஏரிச் சேற்றில் விட்டிருக்கலாமாம். தோண்டிய மண்ணைச் சுமக்க ஆள் கேட்டார்கள், அக்கா போனார். சுமந்ததோடு விட்டாரா? செத்துப்போன ஆறு எங்கே கிடக்கிறது என்றும் காட்டிக்கொடுத்தார். கிணறு வெட்டியபோது ஆற்றுக்கல் போல உருண்டைக் கல்லாக வந்த இடம் அவருக்குத்தானே தெரியும். அது அவருடைய போஞ்சிப் பாத்திக்கு நடுவில் இருந்தது. யுரேனியம் கிடைத்தால் என்ன செய்வீர்கள் என்று மூன்றாம் நாள்தான் கேட்டார். நிலத்துக்கு வேலி போட்டு எடுத்துவிடுவார்கள் என்றாள் மிஸ். இதை முதல் நாளே கேட்டுத் தொலைத்திருக்கக்கூடாதா?

மறுநாள் மிஸ் பதுளைக்குப் போயிருந்த நேரம், ஈரச் சேற்றின் பாரம் தாங்காமல் குழுவின் பைகள் கிழிந்தன. தோட்டத்து ஆள் யாராக இருந்தாலும் என்ன செய்வார்களோ அதையே அக்காவும் செய்தார். என்னிடம் வந்து பன்னிரண்டு பொட்டாஷ் சாக்கு வாங்கிப்போய், மண்ணைக் கொட்டிக் கட்டிவைத்தார். மிஸ் திரும்பி வந்து, கதிரியக்கம் பார்க்கும் பெட்டியைச் சாக்குகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பெட்டி கத்தத் தொடங்கியது.

லயமே கலங்கிப்போனது. பெட்டி அக்காவின் இடுப்புக்கு நேரே வந்தபோது இன்னும் பலமாகக் கத்தியது. அவர் புருஷன் அந்தோனி அப்போதே பாயைச் சுருட்டி வெளி இஸ்தோப்பில் போட்டுக்கொண்டார். சோறு மட்டும் உள்ளேயிருந்து வந்தது, அதற்கு அவர் பயப்படவில்லை. அக்காவுக்குப் புருஷன் போனது கவலையில்லை. நிலம் போகிறதே என்று என் கடையில் வந்து அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது, சொல்வதில் என்ன வெட்கம்.

மிஸ் விட்டவளில்லை. மண்ணைக் கொட்டிவிட்டு வெறும் சாக்கில் பெட்டியை வைத்தாள். வெறும் சாக்கும் கத்தியது. அக்காவின் இடுப்புப் படங்கைக் கழற்றச் சொன்னாள்; அக்கா அமைதியானார், படங்கு கத்தியது. நேரே என் கடைக்கு வந்தாள். பொட்டாஷ் உரத்திலேயே கொஞ்சம் கதிரியக்கம் உண்டாம். ஆளுக்கு ஒன்றும் செய்யாதாம், பெட்டிக்கு மட்டும் ஆகாதாம். சாக்கை உதறியாவது கொடுத்திருக்கலாமே நானா என்றாள். முப்பது வருட வியாபாரத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

எல்லாவற்றையும் மறுபடி தோண்டினார்கள். தடித்த புதுப் பைகள் வந்தன. ஒவ்வொரு பையிலும் மண் எடுத்த இடத்தின் பெயரை மிஸ் எழுதினாள். ஏழாம் பையைச் சுமந்து ரோட்டுக்கு வந்த அக்கா, என் கடையில் இறக்கிவைத்துத் தேத்தண்ணி குடித்தார். பக்கத்தில் யாரும் இல்லை.

"அக்கா, அதக் கொட்டிட்டு ரோட்டோரத்து மண்ண அள்ளிப் போடுங்க. யாருக்குத் தெரியும்?" என்றேன்.

அவர் பையைத் திருப்பிக் காட்டினார். 'இருதயம்மா தோட்டம்' என்று கறுப்பு மையில் எழுதியிருந்தது.

"எம்பேரு எழுதியிருக்கு நானா. இதுல வேற மண்ணப் போட்டா, அது எம்மண்ணு இல்லன்னு நானே சொன்ன மாதிரி ஆயிராதா?"

பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

மூன்று மாதம் அவர் ஒரு போஞ்சி விதை ஊன்றவில்லை. பிறகு அறிக்கை தபாலில் வந்தது. லயத்துக்கு ஏது விலாசம், என் கடைக்குத்தான் வந்தது. மூன்று பாஷையிலும் இருந்தது. தமிழில் வாசித்தேன்: ஏழாம் மாதிரி, யுரேனியம் குறிப்பிடும்படி இல்லை.

"ஒண்ணுமே இல்லையா? எம்மண்ணு அம்புட்டு மட்டமா?" என்று அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. நிலம் தப்பியது பிறகுதான் உறைத்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். அடுத்த வரியில் என்ன இருக்கிறது என்று கேட்டார். 'மண் எடுத்த இடம்: இருதயம்மா தோட்டம்' என்று வாசித்தேன். அந்த வரியை மட்டும் இன்னும் இரண்டு தடவை வாசிக்கவைத்தார்.

இப்போது அந்தக் கடதாசி பிளாஸ்டிக் உறைக்குள், திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. போன வாரம் ஒரு புதிய துரை லயத்துக்கு வந்து, கம்பனிக் காணி என்று ஆரம்பித்தாராம். அக்கா அவரை உள்ளே கூப்பிட்டு, கதிரை போட்டு, கடதாசியைக் கையில் கொடுத்தாராம். துரை முழுவதையும் வாசித்துவிட்டு, யார் இந்த இருதயம்மா என்று கேட்டாராம்.

"நாந்தாங்க" என்றாராம் அக்கா.