என் மகளுக்கு எதிராக நான் செய்த ஜெபம்

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என்னைப் போல ஒரு தாய் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று நினைத்துச் சொல்கிறேன்.

நான் பொன்மலைப்பட்டியில் இருக்கிறேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த என் கணவர் ஆறு வருடங்களுக்கு முன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அதன்பின் வீட்டில் நானும் என் மகள் ஜெனியும்தான். அவளும் மேல்படிப்புக்கு அயர்லாந்து போனாள். படிப்பு முடிந்ததும் அங்கேயே இருந்து வேலை பார்க்க இரண்டு வருடம் அனுமதி கிடைத்தது. அதற்குள் ஒரு கம்பெனி நிரந்தர வேலை கொடுத்து, விசாவுக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

முதலில் ஒரு மருந்துக் கம்பெனியின் லேபில் தற்காலிக வேலை கிடைத்தது. போன வருடம் ஜூன் மாதம் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். விசா முடிய ஐந்து மாதம்தான் இருந்தது. எத்தனையோ இடங்களுக்கு எழுதிப் போட்டாள். எங்கும் இல்லை என்றே பதில் வந்தது.

"அம்மா, எனக்காக ஜெபம் பண்ணுங்கம்மா" என்பாள்.

"பண்றேன்மா" என்பேன். சபையில் பெண்கள் கூட்டத்திலும் எழுந்து நின்று அவள் பெயரைச் சொல்லி ஜெபிக்கக் கேட்டுக்கொண்டேன்.

ஆனால் நான் தனியாகச் செய்த ஜெபம் வேறு. தினமும் காலையில் ஸ்ரீரங்கம் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போது கண்ணை மூடிக்கொள்வேன். "ஆண்டவரே, அவளுக்கு அங்கே ஒரு வேலையும் கிடைக்க வேண்டாம். என் பிள்ளையை எனக்குத் திருப்பித் தாரும்." இதுதான் என் ஜெபம். அவளுக்கு வந்த ஒவ்வொரு 'இல்லை'யும் எனக்கு வந்த பதில் என்றே நினைத்தேன். அவள் அறைக்கு வெள்ளையடித்தேன். ஒரே ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற வாழ்க்கை முடியப்போகிறது என்று சந்தோஷப்பட்டேன். அங்கே அவள் அழுதுகொண்டிருந்த நாட்கள் அவை.

எங்கள் பள்ளியில் ரங்கநாயகி டீச்சர் இருக்கிறார். செப்டம்பரில் ஒருநாள் என்னிடம் வந்து, "உங்க ஜெனிக்கு உத்தியோகம் ஆகணும்னு வெள்ளிக்கிழமைதோறும் தாயார் சன்னதியில சேவிச்சுண்டு வரேன் டீச்சர். கவலைப்படாதேங்கோ" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. யாரோ பெற்ற பிள்ளைக்காக அவர் கேட்கிறார். பெற்ற நான் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறேன்?

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெனி வீடியோவில் வந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "இல்லை இல்லைன்னு கேட்டுக் கேட்டு மரத்துப் போச்சும்மா. நீங்க ஜெபம் பண்றீங்கங்கிற தைரியம் மட்டும்தான் மிச்சம்" என்றாள்.

எனக்குத் தாங்கவில்லை. உடைந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். "உனக்கு வேலை கிடைக்கக் கூடாதுன்னுதான்டி நான் கேட்டுக்கிட்டிருந்தேன்."

போனை வைத்துவிடுவாள் என்று பயந்தேன். ஆனால் அவள் சொன்னாள்: "எனக்கும் வீட்டுக்கு வரணும்னுதான்மா இருக்கு. நம்ம தெருவைக் கனவுல பார்க்கிறேன். ஆனா யாரோ திருப்பி அனுப்பி வரக் கூடாதும்மா. நானா வரணும்."

அன்று போனிலேயே இருவரும் முழங்காலில் நின்றோம். நான் முதல் முறையாக அவளுக்காக ஜெபித்தேன். "ஆண்டவரே, எனக்கு அவள் வேண்டும். அது உமக்குத் தெரியும். ஆனாலும் அவள் கேட்பதைக் கொடும்." அந்த வார்த்தை என் வாயிலிருந்து வருவதற்குள் உயிர் போய் வந்தது.

மூன்றாம் வாரம், முன்பே நேர்காணல் முடித்து வேண்டாம் என்று சொல்லியிருந்த ஒரு கம்பெனியே அவளைக் கூப்பிட்டது. அவர்கள் தேர்ந்தெடுத்த ஆள் சேரவில்லையாம். விசா வேலையையும் அவர்களே பார்த்தார்கள். பழைய அனுமதி முடிய ஒன்பது நாள் இருக்கும்போது புதியது கையில் வந்தது. என் தேவன் கடைசி நேரத்திலும் கைவிடவில்லை. சபையில் இதைச் சொல்லி நான் அழுதபோது எல்லோரும் சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்தார்கள். பாதி அதுதான்.

ஏக்கம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வெள்ளையடித்த அந்த அறையை இன்றும் தினமும் பெருக்குகிறேன். ஆனால் இப்போது என் ஜெபத்தில் ஒளிவுமறைவு இல்லை. பிள்ளையைத் தூர தேசத்துக்கு அனுப்பிவிட்டுத் தவிக்கிற தாய்மாரே, உங்கள் ஆசையை அவரிடம் மறைக்காதீர்கள். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு, அவர் கையில் விட்டுப் பாருங்கள்.

டிசம்பரில் ஜெனி வருகிறாள். மூன்று வாரம்தான் லீவு கேட்டிருக்கிறாளாம். நான்கு வாரம் கிடைக்கட்டும் என்று நான் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன். இந்த முறை அது அவளுக்கும் தெரியும்.